வாய்க்குத்தானே தடை

மார்ச் 3, செவ்வாய்

டீச்சரம்மா ஆகப் போற என் வீட்டுக்காரிக்கு,

இல்லவே இல்ல. நான் வேணும்னு பண்ணல. நீ அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு இந்த ஊர் பாஷையில என்னமோ கேட்ட. கையை மேல தூக்கிக் காட்டின. எனக்குக் குடைன்னு பட்டுச்சு, கொண்டு வந்து நீட்டினேன். அதுக்குப் போய் அப்படி முறைச்சா எப்படி? அப்புறம் நீயே எக்கி உப்பு ஜாடியை எடுத்துக்கிட்ட. தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடை எதுக்கு வருது?

நேத்து துடைப்பம் கேட்டதுக்குத் தலையணை கொண்டு வந்ததும் தெரியாமப் பண்ணினதுதான். முந்தாநாள் தண்ணி கேட்டதுக்கு அலாரம் கடிகாரத்தை நீட்டினது மட்டும் கொஞ்சம் தெரிஞ்சு பண்ணினது.

உன் கிளாஸ்ல அந்த நெட்டை டீச்சர் என்ன சொன்னாங்க? கற்பவர் விழா முடியற வரைக்கும் வீட்டுல சொந்த பாஷை பேசக் கூடாது, இந்த ஊர் பாஷைதான் பேசணும்னு. பேசக் கூடாது. பேச! வாய்க்குத்தானே தடை? கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. அதான் எழுதறேன். இந்தக் கடுதாசியைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில வைக்கிறேன். டீ போடாம உன்னால இருக்க முடியாது, அதனால பாக்காமலும் இருக்க முடியாது. பதிலையும் அங்கயே வெச்சுடு. நாலாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதறது. தப்பு கண்ணுல பட்டா சிவப்பு மையில வட்டம் போடாத.

இந்த வயசுல எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்னு கேட்டா உனக்கு மூக்கு மேல கோவம் வருது. என்னைப் பாரு. இந்த ஊர்ல லிஃப்ட் ரிப்பேர் பண்ணியே காலத்தை ஓட்டினவன். எத்தனை கட்டடம், எத்தனை மாடி! எல்லாத்துக்கும் நாலே நாலு வார்த்தை. மேல. கீழ. ஆகாது. நாளைக்கு. இந்த நாலையும் இந்த ஊர்க்காரன் மாதிரியே சொல்லுவேன். இதை வெச்சே சம்பளம் வாங்கினேன், வீடு பிடிச்சேன், நம்ம பொண்ணைப் படிக்க வெச்சேன். அஞ்சாவது வார்த்தைக்கு வேலையே வரல.

இன்னொரு விஷயம். நம்ம ஃப்ரிட்ஜ் ஒரு சத்தம் போடுது. இப்படி ஒரு சத்தம் இந்த வீட்டுல இருக்குன்னே எனக்கு இதுவரைக்கும் தெரியாது. இழுத்துப் போட்டுப் பின்னாடியெல்லாம் பாத்தேன், ஒரு கோளாறும் இல்ல. நீ பேசிக்கிட்டே இருந்தப்ப அது கேக்காமப் போயிருக்கு, அவ்வளவுதான்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

இப்படிக்கு,
குடை கொண்டு வந்தவன்


மார்ச் 4, புதன்

என்னங்க,

கடிதம் கிடைத்தது. வட்டம் போடவில்லை. போட ஆரம்பித்தால் தாள் முழுக்கச் சிவந்துவிடும்.

டீச்சரிடம் கேட்டேன். எழுதலாமாம், ஆனால் அவசியத்துக்கு மட்டும். அவசியமானதை எழுதுகிறேன். கேஸ் தீரப் போகிறது. உங்கள் மாத்திரை அலமாரியில்தான் இருக்கிறது, ஃப்ரிட்ஜில் தேட வேண்டாம். உங்கள் மூக்குக்கண்ணாடி இன்று காலை ரேடியோவின் மேல் இருந்தது. நீங்கள் வீடெல்லாம் அலைந்து "எங்க என் கண்ணாடி, எங்க என் கண்ணாடி" என்று கேட்டபோது, பதில் நாக்கு நுனிவரை வந்தும் விழுங்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும்.

எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் கண் டாக்டரிடம் போனோமே, நினைவிருக்கிறதா? டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் நம் பெண்ணைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். என் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை இன்னொருத்தி சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கே வகுப்பில் சேருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

விழா இந்த மாதக் கடைசி ஞாயிறு, நூலகத்துப் பெரிய கூடத்தில். எங்கள் வகுப்பிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கையில் தாள் இல்லாமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு 'என் வீடு'. நன்றாகப் பேசிவிட்டால், புதிதாகச் சேருகிறவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழக்குகிற மேஜைக்கு என்னைத் துணையாளாக வைப்பார்கள். அதற்கென்று தனிப் பயிற்சியும் உண்டு. நீங்கள் கேலி செய்வீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்த மேஜை வேண்டும்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். பதினான்காம் தேதி சனிக்கிழமை, படிக்கிறவர்களின் வீட்டாருக்கென்று நூலகத்தில் ஒரு பயிலரங்கு நடக்கிறது. வீட்டில் எப்படித் துணைக்குப் பேசுவது என்று சொல்லித் தருவார்கள். தரைத்தளம், குழந்தைகள் பகுதிக்குப் பக்கத்து அறை. நீங்கள் ஒரு வரி கற்றுக்கொண்டு வந்தால்கூடப் போதும். இப்போது சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 6, வெள்ளி

மேடைப் பேச்சாளர் அவர்களுக்கு,

சுவர் எழுதிக்கொள்வது.

சனிக்கிழமை எனக்கு ஒழியாது. காலைல பேப்பர் படிக்கணும். படிச்சதை மடிக்கணும். அப்புறம் சாப்பாடு, தூக்கம்னு வரிசையா வேலை இருக்கு. அங்க வந்தா என்னைச் சின்னப் பசங்க நாற்காலியில திணிச்சு, படத்தைக் காட்டி, "இது நாய்"னு சொல்லச் சொல்லுவாங்க. அது நாய்னு எனக்கே தெரியும்மா. அதுக்கு எதுக்குப் பயிலரங்கு?

'என் வீடு'ன்னு பேசறதா இருந்தா என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லு. வீட்டுக்குள்ள ஒரு லிஃப்ட் இருந்திருந்தா என் அருமை உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

குளிக்கற ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு நீ பேசிப் பாக்கறது எனக்குக் கேக்குது. ஒண்ணும் புரியல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஜோரா ஆரம்பிக்கற. கொஞ்ச தூரம் போற. அப்புறம் தண்ணி மட்டும்தான் ஓடுது. தினமும் அதே இடம். அங்க என்னதான் இருக்கு?

கேஸ் சொல்லியாச்சு.

இப்படிக்கு,
சுவர்


மார்ச் 14, சனி சாயங்காலம்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

அடுத்தவங்க வாயால வந்து சேர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். நான் போனேன். ஆமா, உன் நூலகத்துக்குத்தான். நீ கடைக்குக் கிளம்பினதும் நானும் சட்டையை மாட்டிக்கிட்டேன்.

தரைத்தளம்னு தெளிவா எழுதியிருந்த. தரைத்தளத்துலதான் நுழைஞ்சேன். தப்பு அந்த லிஃப்ட்டு மேல. கதவு மூடறப்ப ஒரு முனகல் முனகிச்சு. அதைக் கேட்டுட்டு எப்படிச் சும்மா போறது? எங்கேர்ந்து வருதுன்னு ஏறிப் பாத்தாத்தானே தெரியும். ஏறினேன். சுவத்துல காதை வெச்சுக்கிட்டே மேல போயிட்டேன். மூணாவது மாடியில கதவு திறந்துச்சு. எதிர்ல டீ, பிஸ்கட்டு, பக்கத்துல ஒரு அம்மா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கழுத்துல ஒரு அட்டையை மாட்டி, கையில பேனாவைக் குடுத்து, உள்ள கொண்டுபோய் உக்கார வெச்சுட்டாங்க.

அட்டையில 'ஆசிரியர்'னு எழுதியிருந்துச்சாம். எனக்கு எங்க தெரியும்?

கேளு. அது வீட்டாருக்கு நடத்தறது இல்ல. பாஷை சொல்லிக் குடுக்கற டீச்சருங்களுக்கு நடத்தற பயிலரங்கு. எல்லாரும் குனிஞ்சு எழுதினாங்க. நானும் குனிஞ்சு அந்த லிஃப்ட்டு கதவைப் படம் போட்டேன். பக்கத்துல இருந்த அம்மா எட்டிப் பாத்தாங்க. ரொம்ப யோசனையாத் தலையாட்டிட்டு அவங்களும் ஒரு கட்டம் போட்டுக்கிட்டாங்க.

அதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். அடுத்தது என்னன்னா, ஒரு டீச்சர் ஒண்ணுமே தெரியாத மாணவன் மாதிரி நடிக்கணுமாம், மத்தவங்க அவருக்குப் பாடம் சொல்லணுமாம். இதெல்லாம் அப்புறம் தெரிஞ்சது. அப்போதைக்கு எல்லார் விரலும் என் பக்கம் நீண்டுச்சு, எழுந்து நின்னேன்.

ஒருத்தர் வந்து வாயை அகலமாத் திறந்து மெதுவா என்னமோ கேட்டார். பேரைக் கேட்டாராம். என் கையில இருக்கறதே நாலு வார்த்தை. "நாளைக்கு"ன்னேன். கூடமே சிரிச்சுது. இன்னொருத்தர் ஆப்பிள் படத்தை நீட்டினார். "ஆகாது"ன்னேன். கைதட்டினாங்க. சரி, ஓடிடலாம்னு கதவைக் காட்டி "கீழ, கீழ"ன்னு கெஞ்சினேன். ஒரு அம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணையே துடைச்சுக்கிட்டாங்க. "ஐயோ, விடுங்க என்னை"ன்னு தமிழ்ல முனகிக்கிட்டே உக்காந்தேன்.

அது குட்டை முடி வெச்ச ஒரு பொண்ணு காதுல விழுந்துடுச்சு. நம்ம பாஷைக்காரி. இடைவேளையில ஓடி வந்தா.

"சார், நீங்க எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறீங்க?"

"நான் ஸ்கூல் பக்கம் அதிகம் போனதில்லம்மா."

"விளையாடாதீங்க சார். இவ்வளவு தத்ரூபமா நடிக்கணும்னா எவ்வளவு அனுபவம் வேணும்!"

"அனுபவம் இருக்கும்மா. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து இதேதான்."

"அப்ப நிஜமாவே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சுவத்துல சாஞ்சுட்டா. நல்ல பொண்ணு, காட்டிக் குடுக்கல. எனக்கு ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிக் குடும்மான்னு கேட்டேன். அவளோட இன்னும் ரெண்டு டீச்சருங்க சேந்துக்கிட்டாங்க. ஒருத்தர் அதைப் பாட்டாப் பாடினார், ஒருத்தர் மேஜையில தாளம் போட்டார், நான் திருதிருன்னு முழிச்சுக்கிட்டே சொன்னேன். கடைசியில வந்துடுச்சு. என்ன வாக்கியம்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்.

கிளம்பற நேரத்துல உன் நெட்டை டீச்சர் வந்தாங்க. அட்டையைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடி அட்டையைப் பாத்தாங்க. திங்கக்கிழமை உன்கிட்ட ஏதாவது சொன்னா, ஒண்ணும் தெரியாத மாதிரி முகத்தை வெச்சுக்கோ. எப்படி வெச்சுக்கறதுன்னு வேணும்னா நான் சொல்லித் தர்றேன்.

பிஸ்கட்டு ரெண்டு கொண்டு வந்திருக்கேன். டப்பா பக்கத்துல இருக்கு.

இப்படிக்கு,
ஆசிரியர்


மார்ச் 17, செவ்வாய்

என்னங்க,

பிஸ்கட்டைத் தொடவில்லை.

நேற்று வகுப்பில் டீச்சர் உங்கள் கதையை எல்லார் முன்னாலும் சொன்னார். ஆசையாகத்தான் சொன்னார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் உங்களைக் கூப்பிடலாமா என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒத்திகை.

மேடையேறினேன். 'என் வீட்டில் ஒரு மேஜை இருக்கிறது' என்றேன். 'இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன' என்றேன். அதோடு நின்றுவிட்டேன். அதற்கு மேல் என் வீட்டில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் மேஜையிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் நாற்காலியில் நின்றேன். குளியலறையில் நிற்கிற அதே இடம்.

ஒன்றும் தெரியாமல் எழுந்து நின்ற உங்களுக்குக் கைதட்டு. இத்தனை மாதம் உட்கார்ந்து படித்த எனக்கு வாய் அடைத்துப் போகிறது. உங்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

டீச்சரிடம் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். பலகையில் என் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டார்.

உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இனிமேல் தடை இல்லை. நாளைக் காலையிலிருந்து தமிழிலேயே பேசுகிறேன். ஃப்ரிட்ஜ் சத்தம் உங்களுக்குக் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 18, புதன்

என் வீட்டுக்காரிக்கு,

காலைல நீ "டீ ஆறுது, குடிங்க"ன்ன. சுத்தத் தமிழ். எனக்குக் காது கேக்கல. திரும்பச் சொன்ன. கேக்கல. "செவிட்டு மனுஷா"ன்ன. அது கொஞ்சம் கேட்டுச்சு, ஆனா வெளிய காட்டிக்கல.

தமிழ் வேணும்னு அடம் பிடிச்சது நான்தான். ஃப்ரிட்ஜைச் சாட்சிக்கு இழுத்ததும் நான்தான். ஆனா நான் கேட்டது உன் பேச்சை. இது வேற யாரோ பேசற மாதிரி இருக்கு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, டீயைப் பாத்துக்கிட்டு, உப்பில்லாம. இது எனக்கு வேண்டாம். விழா முடியற வரைக்கும் எனக்குத் தமிழ் தெரியாது. என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா இந்த ஊர் பாஷையில சொல்லு. குடை கொண்டு வந்து தர்றேன்.

அப்புறம் இன்னிக்கு மத்தியானம் நூலகத்துக்குப் போனேன். பயப்படாத. லிஃப்ட் பக்கம் திரும்பவே இல்ல, படிக்கட்டுலதான் ஏறினேன். நெட்டை டீச்சர் இருந்தாங்க. பின்னாடி பலகை, பலகையில உன் பேர், பேர் மேல கோடு. நான் கோட்டைக் காட்டி "ஆகாது"ன்னேன். அவங்க நீளமா என்னமோ சொன்னாங்க. உன் பேரைத் தொட்டு "மேல"ன்னேன், மேடை ஏறற மாதிரி நடந்து காட்டினேன். அவங்க கையை விரிச்சாங்க, அவளே வேண்டாங்கறாளேன்னு. நான் விடல. "நாளைக்கு"ன்னேன். இன்னிக்கு வேண்டாங்கறவ நாளைக்கு வேணும்பான்னு அர்த்தம். அவங்க சிரிச்சுட்டுப் பலகைப் பக்கம் திரும்பினாங்க. துணியை எடுத்து, பேரை விட்டுட்டுக் கோட்டை மட்டும் பதமாத் துடைச்சாங்க.

நாலு வார்த்தை போதும்னு நான் சொல்லல? "கீழ" ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன்.

போறதும் போகாததும் உன் இஷ்டம். மறுபடி கோடு போடச் சொன்னாலும் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா மேஜை நாற்காலிக்கு மேல வீட்டுல ஒண்ணும் இல்லைன்னு எழுதினியே, அது கொஞ்சம் குத்துச்சு. ரெண்டு நாற்காலின்னா, ஒண்ணுல நீ. இன்னொண்ணுல உக்காந்து இத்தனை வருஷமா உன் உசிரை வாங்கறது யாரு?

இப்படிக்கு,
இரண்டாவது நாற்காலி


மார்ச் 27, வெள்ளி

இரண்டாவது நாற்காலிக்கு,

கோடு போடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கிளம்புகிறோம். நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். கடைசி வரிசையில் உட்காருங்கள். யார் எந்த அட்டையைக் கொடுத்தாலும் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். லிஃப்ட் முனகினால் முனகட்டும். முக்கியமாக, என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. நம் பெண் வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவாள். உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டேன். நமத்துப் போயிருந்தது.

வீட்டுக்காரி


மார்ச் 30, திங்கள்

என்னங்க,

தடை நேற்றோடு முடிந்துவிட்டது. இருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டும். நேரில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன்.

மேஜை வந்தது. நாற்காலி வந்தது. அப்புறம் அதே இடம். கூடம் முழுக்க ஆட்கள், முன் வரிசையில் ஆசிரியர்கள், எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இறங்கிவிடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு நீலச் சட்டை எழுந்து நின்றது. நம் பெண் கையைப் பிடித்து இழுக்கிறாள், சட்டை உட்காரவில்லை. இந்த ஊர் பாஷையில், பிசகில்லாமல், பாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது:

"என் கண்ணாடி எங்கே?"

கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஒரு மாதமாக விழுங்கி வைத்திருந்த பதிலெல்லாம் ஒன்றாக மேலே வந்துவிட்டது. "ரேடியோ மேல பாருங்க! அங்க இல்லன்னா அரிசி டின்னுல பாருங்க! போன வாரம் பல் தேய்க்கற டம்ளர்ல இருந்துச்சே, அங்கயும் பாருங்க!" எல்லாம் இந்த ஊர் பாஷையில். "ஊர்ல இருக்கற லிஃப்ட் எல்லாத்துலயும் கோளாறு கண்டுபிடிச்ச மனுஷனுக்கு மூக்கு மேல இருக்கறதக் கண்டுபிடிக்கத் தெரியல! இதுதான் என் வீடு! உப்பு கேட்டா குடை வரும், தண்ணி கேட்டா கடிகாரம் வரும்!" வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது. தேடவே இல்லை. நேரம் முடிந்ததென்று மணி அடித்தவரைப் பார்த்து, "இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்று சொன்னதாக நம் பெண் சொல்கிறாள். சொல்லியிருப்பேன்.

கைதட்டு அடங்க வெகு நேரம் ஆயிற்று. டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். மேஜை எனக்குத்தான். சனிக்கிழமை துணையாளர் பயிற்சி தொடங்குகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீங்கள் எழுந்து நின்றபோது, கண்ணாடியின் கால் உங்கள் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேடையிலிருந்தே பார்த்தேன். என் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை இனி நானே சொல்வேன். நிஜமாகவே தொலைத்தீர்களா, இல்லையா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 4, சனி காலை

மேஜைக்காரம்மாவுக்கு,

எதிர்லயே உக்காந்திருக்கறவளுக்கு எதுக்குக் கடுதாசின்னு கேக்காத. நீ எழுதிக் கேட்ட, நான் எழுதித்தான் பதில் சொல்லுவேன். எழுதிக்கிட்டே படிக்கறேன், கேளு. கைப்பையைக் கீழ வை முதல்ல. கிளம்ப நேரம் இருக்கு.

கண்ணாடி பையில இருந்துச்சா இல்லியாங்கறது இல்ல இங்க விஷயம். பையில ஒரு கண்ணாடி இருந்தா அது தொலையலன்னு அர்த்தமா? வெச்சவனுக்கு ஞாபகம் இருக்கணும் இல்ல? நீ நாற்காலியில நின்னப்ப எனக்குக் கண்ணாடி ஞாபகம் வந்துச்சு, எங்கன்னு மட்டும் ஞாபகம் வரல. சிரிக்காத. நம்ம பொண்ணைக் கேளு. அவ நகம் பட்ட தடம் இன்னும் என் கையில இருக்கு.

அந்தக் குட்டை முடிப் பொண்ணு அன்னிக்கே என்கிட்ட கேட்டா, "ஏன் சார், வணக்கம், நன்றின்னு ஏதாவது கத்துக்கலாமே, இதுதான் வேணுமா?"ன்னு. நான் சொன்னேன், "எங்க வீட்டுல நான் எது கேட்டாலும் சும்மா இருப்பா, இதைக் கேட்டா மட்டும் சும்மா இருக்க மாட்டா"ன்னு. பாத்தியா, முழுசா உளறிட்டேன். பரவால்ல.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். அன்னிக்கு நீ மேடையில நின்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினப்ப எனக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா ஒவ்வொண்ணும் எனக்குத் தெரிஞ்ச திட்டுதான். எந்த இடத்துல மூச்சு வாங்குவ, எந்த இடத்துல கையை ஆட்டுவன்னு எல்லாம் தெரியும். அப்ப எனக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுச்சுன்னா,

செருப்பை ஏன் மாட்டற? இரு. இதுக்குத்தானே இவ்வளவு தூரம் எழுதினேன். பஸ்ஸு அடுத்தது வரும். நான் சொல்ல வந்தது ஒரு வரிதான். இத்தனை வருஷத்துல நான் சொல்லாத ஒரு வரி. அது என்னன்னா, அன்னிக்கு உன்னைப் பாத்தப்ப,

கதவுகிட்ட நின்னு என்ன கேக்கற? இந்த ஊர் பாஷையில கேட்டா எனக்கு எங்க...

ஓ.

கண்ணாடி சட்டைப் பையிலதான் இருக்கு. நீ போயிட்டியா? ஏய், நான் இன்னும் முடிக்க